களிம்பு பிடித்த பிளக்

எங்கள் வீட்டில் ஒயர் இருக்கிற பொருள் எது கெட்டாலும் என்னிடம்தான் வரும். தாராவியில் நாங்கள் இருக்கும் சந்தில் பாதி வீட்டு மிக்ஸிகளைத் திறந்து பார்த்தவன் நான். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, வாஷியில் தண்ணீர்ப் பம்புகளின் பேனல் பழுதுபார்க்கும் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போகிறேன். அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை. அக்கா நாலாவதோடு நின்று என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தாள். அதனால் நான் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தால் வீட்டில் பேச்சு நின்றுவிடும். டாக்டர் ஊசியை எடுத்ததுபோல எல்லோரும் என் கையையே பார்ப்பார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

அக்கா வீட்டுக்காரரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். செம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அணுசக்தி நகருக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறார். வாரத்தில் ஆறு நாள் அதே ரோடு, அதே கேட், அதே சீட்டில் அதே ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் ஒரு கயாக்கில் ஏறி வாஷி கழிமுகத்தில் மீன் பிடிக்கப் போவார். கயாக் என்றால் ஒரே ஆள் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் துடுப்பு போடும் பிளாஸ்டிக் படகு. லோனாவாலா பக்கம் ஏதோ ரிசார்ட்டில் பழசைத் தள்ளிவிட்டபோது வாங்கி வந்தார். ஒரு காலத்தில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறமாக இருந்திருக்க வேண்டும். அம்மா முதல் தடவை பார்த்தபோது, “குளிக்கத் தொட்டி வாங்கிட்டு வந்துருக்காருல்லா மருமகன்” என்று சந்தோஷப்பட்டாள்.

அதை வைக்க வீட்டில் எங்கே இடம்? வாஷி பாலத்துக்குக் கீழே படகுத்துறையில் மும்பையின் பூர்வகுடியான கோலி மீனவர் ஒருவர் அத்தானுக்குப் பழக்கம். அவருடைய வலைக் கொட்டகையில் கயாக் கிடக்கும். மற்ற சாமான்களை மட்டும் அத்தான் ஒரு பையில் போட்டுக்கொண்டு செம்பூரில் ரயில் ஏறுவார். பையில் முக்கியமான சாமான் ஃபிஷ் ஃபைண்டர். உள்ளங்கை அகலத்தில் ஒரு ஸ்க்ரீன், அதோடு ஒரு சின்ன பேட்டரி, படகுக்கு அடியில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு சென்சார். கீழே எத்தனை அடி ஆழம், மீன் எங்கே நிற்கிறது என்று காட்டும். அக்கா அதை டிவி என்பாள். யாராவது ஞாயிற்றுக்கிழமை அத்தானைத் தேடி வந்தால், “அவிய டிவி பாக்கப் போயிருக்காவ” என்று பதில் வரும்.

ஒரு தடவை நான் கேட்டேன், அப்படி என்ன அத்தான் இருக்கிறது அந்தத் தண்ணீரில் என்று.

“பஸ்ஸுல எனக்குப் பின்னால நாப்பது பேரு மாப்ள. தூங்குவான், இருமுவான், போன்ல கத்துவான். ப்ரேக் அழுத்தினா நாப்பது தலையும் ஆடும், அது எனக்கு முதுகுலயே தெரியும். அங்கன தண்ணில உக்காந்தா, பின்னால யாரும் இல்ல.” கொஞ்சம் யோசித்து, “முன்னாலயும் இல்ல” என்றார்.

வாயோயாமல் பேசுகிற மனிதர் அவர். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தணிந்து போனது.

மழைக்காலம் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். ஸ்க்ரீன் அணைந்து அணைந்து எரிகிறது என்று பையைத் தூக்கிக்கொண்டு தாராவிக்கு வந்தார். நான் திறந்து பார்த்தேன். கோளாறு ஸ்க்ரீனில் இல்லை. பேட்டரியிலிருந்து வரும் ஒயரும் ஸ்க்ரீனிலிருந்து வரும் ஒயரும் சேருகிற இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பிளக். அதன் உள்ளே இருந்த இரண்டு பின்களில் ஒன்றில் பச்சையாக ஏதோ பூத்திருந்தது.

“களிம்பு” என்றேன்.

அடுத்த நிமிஷமே அம்மா எழுந்து வந்தாள். “கொண்டா இங்கன. குத்துவிளக்குல நான் பாக்காத களிம்பா?”

அந்த இடத்தில் நான் அம்மாவைத் தடுத்திருக்கலாம். தடுக்காதது மட்டுமல்ல, விளக்கமும் சொன்னேன். செம்பில் பிடித்த ஆக்சைடை அமிலம் கரைக்கும், புளியில் இருப்பதும் அமிலம்தான், ஆகவே அம்மா செய்வது கெமிஸ்ட்ரிப்படி சரி என்றேன். அத்தான் வாயைத் திறந்துகொண்டு கேட்டார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. புளியில் கொஞ்சம் உப்பைச் சேர்த்து, ஒரு பழைய பல் துலக்கும் பிரஷால் அந்தப் பின்னைத் தேய்தேயென்று தேய்த்தாள். தங்கம்போல மின்னியது. தேய்த்ததில் பின்னின் மேல் பூசியிருந்த மெல்லிய பூச்சும் சேர்ந்து போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. உப்பும் புளியும் இடுக்கில் தங்கிவிட்டதும் தோன்றவில்லை. ஈரத் துணியால் துடைத்தேன், அவ்வளவுதான்.

பிறகு இனிமேல் தண்ணீரே போகாதபடி அடைப்பது என்று முடிவு செய்தேன். அப்பா குழாய் வேலை செய்பவர். அவர் பையில், பாத்ரூம் ஓரங்களில் பூசும் சிலிக்கான் டியூப் ஒன்று பாதி இருந்தது. பிளக்கை மாட்டி, உள்ளேயும் வெளியேயும் அதைப் பிதுக்கி, மேலே இன்சுலேஷன் டேப்பை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றினேன். வீடு முழுக்க ஒரு புளித்த வாடை.

“என்னல, சைனீஸ் வண்டி பக்கத்துல நின்ன மாதிரி அடிக்கு?” என்றார் அப்பா.

உண்மைதான். நூடுல்ஸில் ஊற்றுகிற வினிகர் வாடை அது. காய்ந்தால் போய்விடும் என்றேன்.

அத்தான் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கடல்ல முக்கினாக்கூட ஒண்ணும் ஆகாது போல மாப்ள.”

“ஒண்ணும் ஆகாது” என்றேன்.

மூன்று ஞாயிறு ஒன்றும் ஆகவில்லை. நாலாவது ஞாயிறு மத்தியானம் அக்கா போன் செய்தாள். “அவிய இன்னும் வரல. போன் ஸ்விட்ச் ஆஃப்னு வருது. நீ வாஷிக்கு வா, நான் கெளம்பிட்டேன்” என்று சொல்லி வைத்துவிட்டாள். அழவில்லை. அழாமல் பேசியதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நடந்தது இதுதான். கழிமுகத்தில் கடல் வற்றும் நேரத்தில் தண்ணீர் இறங்கினால் இரண்டு பக்கமும் சேறு எழுந்துவிடும். நடுவில் ஒரு வாய்க்கால்போல ஆழமான வழி இருக்கும். ஸ்க்ரீனில் ஆழத்தைப் பார்த்துக்கொண்டே அந்த வழியில் வந்தால் துறைக்குச் சேரலாம். அன்றைக்குத் திரும்புகிற நேரத்தில் ஸ்க்ரீன் அணைந்துவிட்டது. போனையும் அதே பிளக்கைத் தாண்டி வரும் ஒயரில்தான் சார்ஜுக்குப் போட்டிருந்தார். அது எப்போதோ நின்றிருக்கிறது, அவர் கவனிக்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்த தண்ணீரை நம்பித் துடுப்பு போட்டு, சேற்றின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். இறங்கி நடக்கலாம் என்று ஒரு காலை வைத்தால் இடுப்புவரை உள்ளே போயிற்று. படகைப் பிடித்துக்கொண்டு எப்படியோ மேலே ஏறியிருக்கிறார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா துறையின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். தூரத்தில், அலையாத்திச் செடிகளுக்கு இந்தப் பக்கம், ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி. கோலி மீனவர் அக்காவிடம் மராத்தியும் ஹிந்தியும் கலந்து திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: இப்போது எந்தப் படகும் அங்கே போக முடியாது, தண்ணீர் ஏறினால் அவரே வந்துவிடுவார். அக்கா தலையை ஆட்டினாள். கண்ணை அந்தப் புள்ளியிலிருந்து எடுக்கவில்லை. புள்ளி கையை ஆட்டியது. அக்கா ஆட்டவில்லை.

வெயில் சாயும்போது தண்ணீர் ஏறியது. அத்தான் வந்து சேர்ந்தார். இடுப்புக்குக் கீழே கறுப்பாகக் காய்ந்த சேறு, உதடெல்லாம் வெடித்திருந்தது. கரையேறியதும், “அஞ்சு மணி நேரம் ஏட்டி. ஒரு கொக்கு வந்து பக்கத்துல உக்காந்து என்னையே பாத்துட்டு இருந்துச்சு, ரொம்ப நல்ல கொக்கு” என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

“இத வித்துருங்க” என்றாள். “இந்த மாசத்துக்குள்ள.”

அவர் வாதாடவில்லை. சரி என்றார்.

அன்றைக்கே சாமான் பையை நான் வாங்கிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம், பட்டறையிலிருந்து நேராகச் செம்பூர் போனேன். அக்கா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அத்தானுக்கு முன்னால்தான் அந்தப் பிளக்கை பிளேடால் அறுத்தேன். மேலே டேப், அதற்குள் ரப்பர் மாதிரி சிலிக்கான், எல்லாம் அழகாக இருந்தன. அதற்குள்தான் கோளாறு. பின் இருந்த இடத்தில் பச்சைக் குழம்பு. ஒரு பின் தொட்டவுடன் உடைந்து என் விரலில் ஒட்டிக்கொண்டது. இன்னும் வினிகர் வாடை லேசாக வந்தது.

வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே வராமல் அடைத்திருந்தேன். உள்ளே இருந்த ஈரமும் உப்பும் புளியும் வெளியே போக முடியாமலும் அடைத்திருந்தேன். அதோடு பேட்டரியின் மின்சாரம் ஓட, அது உள்ளேயே உட்கார்ந்து செம்பைத் தின்றிருக்கிறது. சிலிக்கான் தன் பங்குக்கு அமிலத்தை விட்டிருக்கிறது. அந்த டியூப்பைப் பிறகு தேடி எடுத்துப் பார்த்தேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: செம்பு, பித்தளை மேல் பயன்படுத்த வேண்டாம். அப்பா அந்த டியூப்பைப் பல வருஷமாக வைத்திருக்கிறார். அவரால் அதைப் படிக்க முடியாது. அந்த வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் படிக்கவில்லை.

அத்தான் அந்தப் பச்சையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

“அக்காகிட்ட சொல்லிருதேன் அத்தான்” என்றேன். “உங்க மேல தப்பில்ல.”

“எதுக்கு?”

“படகு போகுதுல்லா.”

“போனா போகுது. நீ சும்மா கெட.” எழுந்து போய்க் கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். “இங்க பாரு மாப்ள. உங்க அம்மா அந்தத் தெருவுல எப்படிச் சொல்லிட்டு இருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா? என் பையன் கைய வச்சா கரண்டே பயப்படும்னு. உங்க அக்கா எங்க ஆத்தாகிட்டயும் அதையேதான் சொல்லுதா. இப்ப நீ போயி, நான் செஞ்சதுதான் தப்பு, அதான் உன் புருஷன் சேத்துல கெடந்தான்னு சொல்லணுமா? டென்ஷன் வேண்டாம். ஈரத்தோட பையில போட்டேன், அதான் கெட்டுச்சுன்னு நான் சொல்லியாச்சு. முடிஞ்சு போச்சு.”

“சொல்லியாச்சா?”

“அன்னைக்கே. ஸ்க்ரீன் அணைஞ்சப்பவே பிளக்காத்தான் இருக்கும்னு தோணிச்சு.”

அக்கா குடத்தோடு உள்ளே வந்தாள். அத்தான் உடனே ஏதோ பஸ் கதையை நடுவிலிருந்து ஆரம்பித்தார். நான் அந்த உடைந்த பின்னைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அக்கா எனக்குச் சாப்பாடு போட்டாள். கிழங்கான் மீன் குழம்பு, கடையில் வாங்கியது. அத்தான் பிடித்து வருவதைவிடப் பெரிய மீன்.

நான் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன். அதற்குப் பதிலாக வேலை செய்தேன். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோட்டில் அலைந்து, படகுகளுக்கென்றே வருகிற, ரப்பர் வளையம் வைத்த புதுப் பிளக் வாங்கினேன். ஈயம் பூசிய ஒயர். உள்ளே பசை தடவிய ஒரு குழாய், சூடு காட்டினால் சுருங்கி ஒயரைக் கவ்விக்கொள்ளும், பசை உருகி இடுக்கை அடைத்துவிடும். பிளக்குக்கென்று ஒரு கிரீஸ். இந்தத் தடவை ஒவ்வொரு டப்பாவையும் முன்னும் பின்னும் படித்தேன். கிரீஸை அப்பக் கூடாது, ரப்பர் வளையத்தில் மிளகளவு தடவினால் போதும் என்று இருந்தது. கழற்றி வைக்கும்போது திறந்த வாயில் தூசும் ஈரமும் போகாமல் இருக்க ஒரு மூடி. ஒயர் மேலிருந்து நேராகப் பிளக்குக்குள் இறங்கினால் தண்ணீரும் அதன் வழியே இறங்கும். அதனால் பிளக்குக்கு முன்னால் ஒயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு, மறுபடி மேலே ஏற்றிக் கட்ட வேண்டும். தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். இதெல்லாம் பெரிய வித்தை இல்லை. பட்டறையில் பம்ப் பேனல்களுக்கு நான் தினமும் செய்வதுதான். வீட்டுக்குள் வந்ததும் எனக்குத் தெரியும் என்கிற நினைப்பில் அதையெல்லாம் மறந்திருந்தேன்.

முடித்து, ஒரு வாளித் தண்ணீரில் கல் உப்பை அள்ளிப் போட்டு, பிளக்கை அதில் முக்கி ஒரு வாரம் வைத்தேன். தினமும் எடுத்துத் திறந்து பார்ப்பேன், காய வைப்பேன், மறுபடி முக்குவேன்.

“ஊறுகாயா போடுத?” என்றாள் அம்மா. பிறகு தாழ்ந்த குரலில், “புளி வேணும்னா சொல்லு” என்றாள்.

“வேண்டாம்மா” என்றேன். கொஞ்சம் கத்திவிட்டேன் போல. அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

இதற்குள் படகு வாங்க ஆள் கிடைத்துவிட்டது. அத்தான்தான் போனில் போட்டோ எடுத்து நெட்டில் போட்டிருந்தார். பார்க்க வருகிறவர் ஞாயிறு காலை நேராகத் துறைக்கே வருவதாகச் சொல்லியிருந்தார். அக்காவும் வந்தாள். விற்கிற நேரத்தில் அத்தான் மனசு மாறிவிடக் கூடாது என்று வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நான் புதுப் பிளக்கோடு பையைக் கொண்டு போனேன். நல்ல நிலையில் கொடுப்போம் என்று அத்தான்தான் சொல்லியிருந்தார்.

வந்தவர் என் வயதுதான். மாட்டுங்காக்காரர், ஏதோ கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. வெள்ளை கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு மீன் செதில் கிடந்த படியில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இறங்கினார். கயாக்கைச் சுற்றி வந்தார், ஒரு தட்டுத் தட்டினார்.

“மீன் பிடிக்கறதுக்கு இல்லண்ணா. எங்காத்துல மீனே உள்ள வராது. பிளமிங்கோ போட்டோ எடுக்கணும்.”

அக்கா கேட்டாள்: “மீன் திங்காதவியளுக்கு மீன் காட்டுத டிவி எதுக்கு?”

“அது ஆழமும் காட்டும் இல்லையா அக்கா? சேத்துல மாட்டிண்டா யார் வருவா?”

“இந்தா, இவிய மாட்டினாவ.” அக்கா அத்தானைக் கையால் காட்டினாள். “அஞ்சு மணி நேரம். துணைக்கு ஒரு கொக்கு.”

அவர் முகம் மாறிவிட்டது. “ஐயோ. ஏன், ஸ்க்ரீன் நின்னு போயிடுத்தா? ஏன் நின்னுது?”

“என் தப்புதான் பாஸ்” என்றார் அத்தான், சட்டென்று. பஸ்ஸில் அடுத்த ஸ்டாப் பெயரைச் சொல்வதுபோல இயல்பாக வந்தது. “கழுவாம, ஈரத்தோட பையில திணிச்சிட்டேன். பிளக் போச்சு. இப்ப எங்க மாப்ள புதுசாப் போட்டுக் குடுத்திருக்கான். டிப்ளமோ. பக்கா வேலை, கடல்ல முக்கினாக்கூட ஒண்ணும் ஆகாது.”

என் முதுகில் தட்டினார். அந்த மனிதர் தன் வாழ்க்கையில் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருளை விற்றுக்கொண்டே என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

“இல்ல” என்றேன். “இவிய தப்பு இல்ல. என் தப்பு.”

“மாப்ள” என்றார் அத்தான்.

“அவிய ஒழுங்காத்தான் வச்சிருந்தாவக்கா. நான் ரிப்பேர் பண்ணின பிளக்தான் நின்னு போச்சு. களிம்ப எடுக்கேன்னு புளி போட்டு, அதுக்கு மேல பாத்ரூமுக்குப் பூசுத பசையப் பூசிட்டேன். அது செம்பத் தின்னுரும். அத்தானுக்குத் தெரியும். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாவ.”

கோலி மீனவருக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் வலையைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

“புளி போட்டது அம்மாவா?” என்றாள் அக்கா.

“அம்மாதான். சரின்னு சொன்னது நான்.”

“அந்தப் பசை டப்பால இதுக்குப் பூசக் கூடாதுன்னு போட்டிருக்க மாட்டானா?”

“பின்பக்கம் போட்டிருந்துச்சு.”

“நீ?”

“படிக்கல.”

அக்கா என்னையே பார்த்தாள். “பதிமூணு வருஷம் படிக்க வச்ச பய” என்று ஆரம்பித்து, சொல்லி முடிக்க வேண்டிய ஆள் நான் இல்லை என்பதுபோல மாட்டுங்காக்காரர் பக்கம் திரும்பினாள். “பதிமூணு வருஷம் தம்பி. ஒரு டியூப்பைப் படிக்க முடியல.”

“அது ரொம்ப சின்ன எழுத்துல போடுவா அக்கா” என்றார் அவர், எனக்காகப் பரிந்துகொண்டு.

“நீங்க சும்மா இருங்க.” அடுத்து அத்தானிடம் திரும்பினாள். “நீங்க எதுக்கு மூடி வச்சிய?”

“பய மூஞ்சி வாடிரும்னுதான்.”

“அவன் மூஞ்சி வாடினா ரெண்டு நாள்ல சரியாப் போகும். அன்னைக்கு நீங்க அப்படிச் சொன்னதுலேருந்து நான், ஈரத்தோட பையில போட்ட மனுஷன், அக்கறையே இல்லாத மனுஷன், இவரோட எப்படிக் காலந்தள்ளப் போறேன்னு…” மூக்கை முந்தானையில் துடைத்தாள். “அக்கறையோடதான் வச்சிருந்தியளா?”

“ஒவ்வொரு வாரமும் தொடச்சுத்தான் வைப்பேன் ஏட்டி” என்றார் அத்தான்.

மாட்டுங்காக்காரர் படிப்பக்கம் நகர்ந்தார். “நான் வேணா அப்பறமா வரட்டுமா?”

“உக்காருங்க, டீ சொல்லியாச்சு” என்றாள் அக்கா. அவர் உட்கார்ந்தார்.

பிறகு அவள் என் கையிலிருந்த பையைப் பிடுங்கி, புதுப் பிளக்கை எடுத்தாள். இது என்ன, இது எதுக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் சொன்னேன். ஒயரைப் பிடித்து முழுப் பலத்தோடு இழுத்தாள். வரவில்லை. ரப்பர் வளையத்தைத் தொட்டு, விரலில் ஒட்டிய கிரீஸை முகர்ந்து பார்த்தாள். ஒரு வாரம் உப்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன் என்றேன்.

“அம்மா சொன்னா, நீ ஊறுகா போடுதன்னு.”

“அதான் இது.”

“வீட்டுக்கு வந்ததும் என்ன செய்யணும்?”

“மொதல்ல பேட்டரியக் கழட்டிரணும். ஈரத்துல கரண்ட் ஓடினாத்தான் சீக்கிரம் அரிக்கும். அப்பறம் நல்ல தண்ணில அலசி, ஒதறி, நிழல்ல காயப் போட்டு, மூடியப் போடணும். பிளாஸ்டிக் பையில போட்டுக் கட்டக் கூடாது.”

“நல்ல தண்ணின்னா குழாத் தண்ணியா, கேன் தண்ணியா?”

“குழாத் தண்ணியே போதும்.”

அத்தானை ஏற இறங்கப் பார்த்தாள். “இவிய தொடச்சதெல்லாம் போதும். சட்டைய ஆணில மாட்டத் தெரியாத மனுஷன். இனி பை வீட்டுக்கு வந்தா என் கைக்கு வரணும். நான் அலசுதேன்.”

அத்தான் வாயைத் திறந்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். டீ வந்தது. முதல் கிளாஸை மாட்டுங்காக்காரருக்குக் கொடுத்தாள்.

“தம்பி, கோவிச்சுக்காதிய. இன்னைக்கு விக்கல.”

“பரவால்லக்கா” என்றார் அவர். டீயை ஊதிக்கொண்டே கயாக்கை ஒரு தடவை பார்த்தார். “உண்மையச் சொன்னா, எனக்கும் இப்போ கொஞ்சம் பயமாத்தான் இருக்கு. கரைலேர்ந்தே எடுக்கறேன்.”

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அத்தான் கயாக்கை இழுத்து இறக்கியபோது நானும் ஒரு முனையைப் பிடித்தேன். பிளக்கை மாட்டி, ஒயரைத் தொங்கவிட்டுக் கட்டினேன். ஸ்க்ரீன் எரிந்தது. அத்தான் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு உட்கார்ந்தார். என் பக்கம் குனிந்து, “உனக்கு வாயே சும்மா இருக்காதுல்லா” என்று மெதுவாகச் சொன்னார். கோபமா சிரிப்பா தெரியவில்லை. துடுப்பால் படியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

பாலத்தின் நிழலைத் தாண்டுவதற்குள் அக்கா போன் போட்டுவிட்டாள். ஸ்பீக்கரில் வைத்திருந்தாள்.

“டிவி ஓடுதா?”

“ஓடுது ஏட்டி.”

“எத்தன அடி?”

“ஒம்பது.”

வைத்தாள். மாட்டுங்காக்காரர் கேமராவை எடுத்து, பிளமிங்கோ இல்லாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது.

“எத்தன அடி?”

“பதினாலு. மீனு வேற காட்டுது, இப்ப போன வைக்கியா?”

“மீன அப்பறம் பாருங்க. ஆழத்தப் பாருங்க.”

மறுபடியும் வைத்தாள். நான் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் தன் டீயில் பாதியை என் கிளாஸில் ஊற்றினாள். தூரத்தில் ஆரஞ்சுப் புள்ளி நின்றுவிட்டது, தூண்டில் போடுகிறார் போல. அக்கா போனை எடுத்தாள்.

“இப்ப எத்தன?”